தகவமை வடிகட்டி மூலம் வாகன இரைச்சல் நீக்கம்

வாகனத்தினுள் கேட்கும் இரைச்சலுக்கு எதிர்க்கட்ட ஒலியை ஒலிபெருக்கி வழியாக உண்டாக்கி, அவ்விரைச்சலைக் குறைக்கும் முறை முனைப்பு இரைச்சல் கட்டுப்பாடு எனப்படும். அந்த எதிர்க்கட்ட ஒலியைக் கணிக்கும் பகுதி தகவமை வடிகட்டி ஆகும். இது சூழலுக்கேற்பத் தன் எடைகளைத் தானே மாற்றிக்கொள்ளும்.

வரலாறு

ஒலியை ஒலியால் அழிக்கும் கருத்துக்குச் செருமானியரான பால் லூக் 1936-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1960-ல் பெர்னார்ட் விட்ரோ, மார்சியன் ஹாஃப் ஆகியோர் வடிகட்டியின் எடைகளைத் திருத்தும் எளிய படிமுறையை வெளியிட்டனர். 2003-ல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா இன்ஸ்பையர் மகிழுந்தில் இம்முறை இடம்பெற்றது. அதன் ஆறு உருளைகளுள் மூன்று மட்டும் இயங்கும்போது எழும் உறுமலைக் குறைக்க இது உதவியது.

இயங்கும் முறை

1. எஞ்சினின் சுழல் வேகத்திலிருந்து மேற்கோள் குறிகை பெறப்படுகிறது.
2. வடிகட்டி அதன் வீச்சையும் கட்டத்தையும் மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.
3. காதருகே உள்ள ஒலிவாங்கி எஞ்சிய இரைச்சலை, அதாவது பிழையை, அளக்கிறது.
4. படியளவு, பிழை, மேற்கோள் குறிகை ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் அளவுக்கு ஒவ்வொரு எடையும் பிழை குறையும் திசையில் திருத்தப்படுகிறது.

ஒலிபெருக்கியிலிருந்து காதுக்கு ஒலி வந்துசேரச் சிறிது நேரமாகும். இத்தாமதத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் இரைச்சல் குறைவதற்கு மாறாகக் கூடக்கூடும். எனவே மேற்கோள் குறிகையை அவ்வொலிப்பாதையின் மாதிரி வழியே செலுத்திய பின்னரே நான்காம் படியில் பயன்படுத்துவர்.

எடுத்துக்காட்டு

கொங்கு நாட்டில் பேருந்துக் கூடு கட்டும் தொழிலுக்குக் கரூர் பெயர்பெற்றது. முன்புற எஞ்சின் பேருந்துகளில் எஞ்சின் ஓட்டுநரின் இடப்பக்கத்தில், பானட் எனப்படும் மூடிக்குக் கீழே அமைந்திருக்கும். இத்தகைய பேருந்தொன்றின் நான்கு வீச்சு, ஆறு உருளை எஞ்சின் நிமிடத்திற்கு 1800 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு மூன்று எரிதல்கள் வீதம் நொடிக்கு 90 எரிதல்கள் நிகழும். எனவே இரைச்சலின் முதன்மை அதிர்வெண் 90 ஏர்ட்சு ஆகும். பல்லிணை மாற்றும்போது சுழல் வேகமும் அதிர்வெண்ணும் மாறும். நிலையான வடிகட்டி இம்மாற்றத்தைப் பின்தொடராது. தகவமை வடிகட்டி பின்தொடரும்.

மேற்கோள் குறிகை எஞ்சினிலிருந்து மட்டும் வருவதால், அதனுடன் தொடர்பில்லாத ஒலிகள் நீக்கப்படுவதில்லை. நடத்துநரின் விசிலும் பிற வாகனங்களின் ஒலிப்பானும் ஓட்டுநருக்கு வழக்கம்போல் கேட்கும்.

வரம்புகள்

அமைதி கிட்டும் பகுதி ஒலிவாங்கியைச் சுற்றி அலைநீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அகலமே இருக்கும். 90 ஏர்ட்சில் இது சுமார் 38 செ.மீ.; ஓட்டுநரின் தலைக்குப் போதுமானது. 1000 ஏர்ட்சில் சுமார் 3.4 செ.மீ. மட்டுமே, தலையைச் சற்று அசைத்தாலே பயன் குன்றும். செவிக்குக் கூடுதலாகத் தீங்கு விளைவிக்கும் உயர் அதிர்வெண் இரைச்சலைப் பானட்டின் ஒலி உறிஞ்சும் விரிப்புகளே தடுக்க வேண்டும். ஆகவே இம்முறை அவ்விரிப்புகளுக்குத் துணையே அன்றி மாற்று அன்று.