இரண்டு சூரியோதயப் பிரயாணம்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்கும், இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே சுமார் 3,500 மைல் தூரம். கிலோமீட்டர் கணக்கில் 5,650. இன்றைய ஜெட் விமானத்தின் வேகத்துக்கு இது ஏழு மணி நேரப் பிரயாணந்தான். 1943-ஆம் ஆண்டில் இதே தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? இருபத்தேழு மணியிலிருந்து முப்பத்திரண்டு மணி வரையில்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து செல்லும் ஆகாய மார்க்கம் நடுவே அறுந்து போயிற்று. மறுபடியும் இணைக்க வேண்டுமானால் இந்து மகா சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டியாக வேண்டும். குவாண்டாஸ் கம்பெனியார் ஐந்து காட்டலினா நீர்விமானங்களைக் கொண்டு இந்தக் காரியத்தில் இறங்கினார்கள். அவற்றுக்கு ரிகெல், வேகா, ஸ்பைகா என்று நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். பெயர்ப் பொருத்தம் விசேஷமானது. சத்துருவின் காதில் விழாதிருக்க ரேடியோவை மௌனமாக வைத்திருந்தபடியால், இரவில் வழி காட்டியவை வானத்து நட்சத்திரங்களே.

விமானத்தில் ஆயுதம் ஒன்றும் கிடையாது. ஏற்றிய கனமெல்லாம் பெட்ரோல்; ஏறத்தாழ 2,000 காலன். அதற்குப் பிறகு மிஞ்சிய இடத்தில் மூன்று பிரயாணிகளும் 69 கிலோ தபாலுமே போக முடிந்தது. பட்டணத்துக்குப் புறப்படுவதென்றாலே கூஜா, படுக்கை, பலகாரக் கூடை என்று ஒரு வண்டிச் சாமான் சேர்த்துவிடும் நம்மவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். தூரம் என்பது அங்கே மைலாக இல்லை. பெட்ரோலின் பாரமாகவே இருந்தது. புறப்பட்ட முதற் சில மணிகளில் இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுவிட்டால், பெட்ரோலைக் கடலில் கொட்டினாலன்றி மேலே நிற்க முடியாது. கொட்டிவிட்டாலோ, அக்கரை சேர முடியாது!

ஒருநாள் முழுவதற்கும் மேலாக ஆகாயத்திலேயே இருந்ததால், பிரயாணிகள் ஒரே பிரயாணத்தில் இரண்டு தடவை சூரியோதயத்தைக் கண்டார்கள். 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்று ஒரு நற்சாட்சிப் பத்திரமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. குளிர், எஞ்சினின் ஓயாத இரைச்சல், எந்த மேகத்தில் யார் ஒளிந்திருக்கிறானோ என்ற திகில் ஆகியவற்றுக்கெல்லாம் ஈடாக ஒரு காகிதம்! நாமாக இருந்தால் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்போம்.

1944-இல் லிபரேட்டர் விமானங்களும் வந்து, பிரயாணம் சுமார் பதினேழு மணி நேரமாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், 2018 மார்ச்சு முதல் பெர்த்திலிருந்து எங்கும் இறங்காமலே லண்டனுக்கு விமானம் செல்கிறது. 14,498 கிலோமீட்டர், அதற்கும் ஏறக்குறைய அதே பதினேழு மணிதான்!

1945 ஜூலை வரையில் காட்டலினாக்கள் 271 தடவை இந்தச் சமுத்திரத்தைக் கடந்தன. ஓர் உயிர்ச் சேதமும் இல்லை. யுத்தம் முடிந்ததும், அமெரிக்காவுடன் செய்துகொண்ட கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி, அந்த விமானங்களை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் இழுத்துச் சென்று கடலிலேயே மூழ்கடித்துவிட்டார்கள்.