பன்றி முதுகில் ரோஜா

ஸ்காட்லாந்தில் வசிக்கும் வாசகி ஒருவர், பழம்பொருள் கடையில் பார்த்த மண் பன்றி ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தார். முதுகு நிறைய இதழ் விரிந்த ரோஜாக்கள். காது மட்டும் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. வாங்கலாமா என்று கேட்கிறார்.

அது வீம்ஸ் மட்பாண்டம். ஸ்காட்லாந்தின் கிர்காடி நகரத்தில், ஃபைஃப் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையில் 1880-களில் தொடங்கிய கைவேலை. பட்டறை உரிமையாளர் ராபர்ட் ஹெரான், பொஹீமியாவிலிருந்து வந்த காரெல் நெகோலா என்ற ஓவியரிடம் வண்ண வேலையை ஒப்படைத்தார். ரோஜா, செர்ரி, சேவல், தேனீ எல்லாம் நெகோலாவும் அவரிடம் பழகிய உள்ளூர் இளைஞர்களும் தீட்டியவை. லண்டனில் தாமஸ் குட் கடை வாங்கி விற்றது.

அந்த ரோஜா மண்ணில் பதிந்த விதம்தான் எனக்குத் தீராத வியப்பு. பாண்டத்தை முதலில் இளஞ்சூட்டில் சுடுவார்கள். சூட்டைக் கூட்டினால் மண் இறுகிவிடும், வண்ணத்தைக் குடிக்காது. எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பொங்கலுக்குக் காவிப் பட்டை அடிப்போம். தூரிகை பட்ட கணமே சுவர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு துடைக்க முடியாது. இதுவும் அப்படித்தான். அழித்து எழுத வழியில்லாத பரப்பில், நிறம் கரைந்து மங்கும் இதழ் விளிம்பை ஒரே இழுப்பில் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன்மேல் ஈய மெருகில் தோய்த்து, மறுபடியும் இளஞ்சூடு.

அந்த இளஞ்சூட்டுக்கு விலை உண்டு. பாண்டம் எளிதில் உதிரும். மெருகில் மயிரிழை விரிசல் ஓடும். சிலர் உதிர்ந்த இடத்தை அடைத்து, நல்ல இடத்தின் மேலும் புது வண்ணம் பூசி விற்கிறார்கள். திருத்தவே முடியாத ஓவியத்தின்மேல் திருத்தம்! இதை நான் சேதம் என்றே சொல்வேன். புற ஊதா விளக்கில் இந்த ஒட்டுவேலை பெரும்பாலும் தனித்துத் தெரியும்.

நெகோலா 1915-இல் காலமானார். 1930-இல் பட்டறை மூடியதும், மகன் ஜோசப் இங்கிலாந்தின் டெவன் பகுதிக்குப் போய், 1952-இல் இறக்கும்வரை அதே ரோஜாவைத் தீட்டினார். 1985-இல், கிர்காடி இருக்கும் அதே ஃபைஃப் வட்டாரத்தில், சீரஸ் என்ற ஊரில் இந்தக் கலை மீண்டும் துளிர்த்தது.

உதிர்ந்த காதோடு அந்தப் பன்றியைத் தாராளமாக வாங்குங்கள், அம்மா. தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், விரிசல் வழியே அழுக்கு இறங்கிக் கறை கட்டிவிடும். இதே வகைக் கிண்ணம் கிடைத்தால், ஈய மெருகு என்பதால், அதில் சாப்பாடு மட்டும் வேண்டாம்.