சுட்டு வட்டமும் நினைவகக் கசிவும்

நான் தமிழ் படிப்பிக்கிறவன். முரசுமோட்டையில் எங்கள் பாடசாலை நூலகத்தின் பொறுப்பும் என்னிடந்தான். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் மாணவி ஒருத்தி, இரவல் பதிவேட்டுக்காகப் பைதன் மொழியில் ஒரு நிரல் எழுதித் தந்தாள். காலையில் நன்றாக ஓடும். மத்தியானமானால் அந்தப் பழைய கணினி இறுகிப்போகும். சேமிக்காத பதிவுகளும் போய்விடும். "சேர், பழையபடி கொப்பியிலயே எழுதுவமா?" என்று கேட்டாள். மனம் கேட்கவில்லை. இருவருமாகக் காரணம் தேடினோம்.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒவ்வொரு பொருளும் நினைவகத்தில் கொஞ்சம் இடத்தை இரவல் வாங்குகிறது. அது அமானிதம், வேலை முடிந்ததும் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். முடிந்தது என்று எப்படித் தெரியும்? ஒரு பொருளை எத்தனை சுட்டுகள் சுட்டுகின்றன என்று பைதன் எண்ணி வைக்கிறது. எண்ணிக்கை பூச்சியமானால் இடம் விடுபடும். 1960இல் ஜோர்ஜ் கொலின்ஸ் வெளியிட்ட முறை இது.

எங்கள் வயற்பக்கத்து உதாரணம் சொல்கிறேன். கழுத்தில் கயிறில்லாத மாடு கட்டாக்காலி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாடுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டு உரியவர் போய்விட்டால்? இரண்டின் கழுத்திலும் கயிறு இருக்கிறது; பிடிக்கத்தான் ஆளில்லை.

மாணவியின் நிரலிலும் இதுதான் நடந்தது. வாசகர் நூலைச் சுட்டினார். நூல் வாசகரைச் சுட்டியது. ஒவ்வொரு தேடலுக்கும் முழுப் பட்டியலும் புதிதாக உருவானது. பழையது எவருக்கும் தேவையில்லை, ஆனாலும் எண்ணிக்கை பூச்சியத்துக்கு இறங்கவில்லை. இந்தக் குறையை மெக்பெத் என்பவர் 1963இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். 2000இல் வந்த பைதன் 2.0, இத்தகைய வட்டங்களைத் தேடித் துப்புரவாக்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பிள்ளை அதை நிறுத்தி வைத்திருந்தாள்!

அதைத் திரும்ப இயக்கினோம். ஆனால், வட்டமே உண்டாகாமல் பார்ப்பதுதான் நல்லது. அதற்கு ஒரு கேள்வி போதும்: எது எதைப் பிடித்திருக்க வேண்டும்? வாசகர்களைப் பட்டியல் பிடித்திருக்கிறது. வாசகர் நூலைப் பிடித்திருக்கிறார். நூல் வாசகரைத் தெரிந்துவைத்திருந்தால் போதும், பிடித்திருக்கத் தேவையில்லை. ஆகவே அந்தத் திரும்பு சுட்டை 'வீக்ரெஃப்' எனும் மெல்லிய சுட்டாக மாற்றினோம். அது எண்ணிக்கையில் சேராது. ஒன்று மட்டும் கவனம்: சுட்டப்பட்ட பொருள் இன்னும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

இப்போது நிரல் பின்னேரம் வரை ஓடுகிறது. கொப்பியையும் நான் எறியவில்லை.