சோம்பலா, சுரப்பியா?

நானுஓயாவின் விடியற்காலைக் குளிர் எல்லோருக்கும் பொது. வெயில் ஏறிய பிறகும் ஒருத்தி மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் வாங்குகிறாள், முடி கொத்தாய்க் கொட்டுகிறது என்றால் மலையில் அவளுக்குக் கிடைக்கும் பெயர் "சோம்பேறி". அவள் கழுத்தை யாரும் பார்ப்பதில்லை.

குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைரொயிட் சுரப்பி. அது சுரக்கும் தைரொட்சின் ஓமோன்தான் உடம்பின் அடுப்பு அணையாமல் பார்க்கிறது. அது குறைந்தால் குளிரும் களைப்பும் வரும், முடியும் கொட்டும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் உள்ள கபச் சுரப்பி அதற்குக் கங்காணி. வேலை குறைந்தால் கங்காணி சத்தம் கூடும் அல்லவா? அந்தச் சத்தத்தின் பெயர் டீஎஸ்எச் (TSH). இரத்தச் சோதனையில் அது தெரிந்துவிடும். களைப்பு என்றாலே இரத்தச்சோகை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும் சேர்ந்தே இருக்கலாம்.

தைரொட்சினுக்கு அயடீன் வேண்டும். அடைமழை மண்ணிலிருந்து அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. 1986–87இல் இலங்கையின் பல மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது 100க்குச் சுமார் 18 பேருக்கு, தைரொயிட் வீங்கும் கழுத்துக் கழலை இருந்தது. 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. நாமோ கல்லுப்பைக் கழுவிப் போடுகிறோம், டப்பாவைத் திறந்தபடி அடுப்புக்கு மேலே வைக்கிறோம். அயடீன் போய்விடும். அதற்காக உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம். எல்லாக் கழலைக்கும் அயடீன் குறைவு காரணமல்ல.

தைரொயிட் குறைவு உறுதியானால் தைரொட்சின் குளிசை தருவார்கள். பலருக்கு அது ஆயுளுக்கும் தேவை. இங்கேதான் நம் தேத்தண்ணி குறுக்கே வருகிறது. பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் தேத்தண்ணியோடு குளிசையை விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரோடு குடித்துவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அது தவறு. அப்போது அளவு கூடவே தேவைப்படலாம். கிளினிக்கில் உடனே சொல்லுங்கள்.

பிறந்த குழந்தைக்கு இந்த ஓமோன் இல்லாவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் அதைக் காட்டும். முதல் சில வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல வளரும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் முன், குதிகால் இரத்தம் எடுத்தார்களா என்று மிட்வைஃபிடம் கேளுங்கள்.

அரச ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசில்லை. தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்கத் தேவையில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேட்கலாம். தமிழும் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. அயடீன் இல்லாத உப்பை விற்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்திலும் முறையிடலாம்.

அடுத்த கிளினிக்கில் டீஎஸ்எச் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். குளிசை தந்தால், நாளைக் காலை கேத்தலைக் கொஞ்சம் பிந்தி அடுப்பில் வையுங்கள்.