உங்களுக்குத் தெரியுமா? ஈயைச் சிறைவைக்கும் மலைப்பூ!

புனேவைச் சுற்றியுள்ள சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி) மலைகளில் மழைக்காலத்தில் மலரும் செரோபீஜியா, சின்னஞ்சிறு ஈக்களைச் சிறைபிடித்து, பின் தானே விடுதலையும் செய்கிறது!

• மணத்தில் மயங்கும் ஈ, குழல் போன்ற பூவுக்குள் இறங்கும். கீழ்நோக்கி வளர்ந்த மயிர்கள் அதை மேலேற விடாது.

• அடைபட்ட ஈயின் வாயுறுப்பில் மகரந்தப் பொதிகள் ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் வாடியதும் ஈ வெளியேறும்; சுமையோடு அடுத்த பூவுக்குப் பறக்கும்.

• இந்த ஈக்கள் சில மில்லிமீட்டர் நீளமே. படமெடுக்கையில், 1:1 மேக்ரோ லென்ஸ் அவற்றை உண்மையான அளவிலேயே கேமரா சென்சாரில் பதிக்கும். ஆனால் தெளிவாகத் தெரியும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். இளங்காற்றே படத்தை மங்கலாக்கிவிடும்.

• செரோபீஜியாவின் பல இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. அவற்றில் சில மலரும் சாத்தாரா மாவட்டக் காஸ் பீடபூமி, 2012 முதல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியக் களத்தின் ஒரு பகுதி. படம் எடுங்கள், பூவைப் பறிக்காதீர்கள்!