வளர்ந்தோரும் ஆங்கிலப் பரீட்சையும்: உம்மாவுக்குக் கற்பித்து நான் கற்றவை

"மகள், இந்தப் படிவத்த ஒருக்கா நிரப்பித் தாங்க."

எங்கள் வீட்டில் இந்தக் குரல் கேட்காத மாதம் இல்லை. வங்கித் தாளோ, வைத்தியசாலைத் துண்டோ, தம்பியின் பாடசாலைக் கடிதமோ, ஆங்கிலத்தில் இருந்தால் அது முதலில் என் கைக்குத்தான் வரும். எட்டாம் ஆண்டு முதல் இந்த வீட்டின் ஆங்கிலம் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடந்த வருடம் அந்த நிலைமை மாறியது. பன்னிரண்டு வருடங்களாக முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் உம்மா, ஆங்கில மொழிமூல டிப்ளோமா ஒன்றில் சேர விரும்பினார். அதற்கு இடைநிலை ஆங்கிலச் சான்றிதழ், அதாவது பி1 மட்டச் சான்றிதழ் ஒன்றைக் கேட்டார்கள். தையல் கடை வைத்திருக்கும் சாச்சியும், "நானும் எழுதிப் பார்க்கிறன்" என்று சேர்ந்துகொண்டார். ஊரில் இருந்த ஆங்கில வகுப்புகளெல்லாம் பிள்ளைகளுக்கானவை. நாற்பத்திரண்டு வயது உம்மாவும் முப்பத்தைந்து வயது சாச்சியும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு வாங்கில் உட்கார விரும்பவில்லை. ஆகவே, இஷாத் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வகுப்பறையானது. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ சித்தி பெற்ற நான் ஆசிரியையானேன்.

நமது கல்லூரிச் சகோதரிகள் பலரது வீடுகளிலும் இப்படி ஒரு உம்மாவோ, ராத்தாவோ, மாமியோ இருப்பார். அவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் உதவும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பி1 என்றால் என்ன?

மொழித் திறமையை அளப்பதற்கு ஐரோப்பியப் பேரவை 2001 இல் ஒரு பொதுச் சட்டகத்தை வெளியிட்டது. அதில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் உள்ளன. பி1 மூன்றாவது படி. அறிமுகமான விடயங்களைப் பற்றிப் பேச, பயணத்தில் வரும் தேவைகளைச் சமாளிக்க, தன் அனுபவத்தையும் விருப்பத்தையும் காரணத்தோடு சுருக்கமாகச் சொல்ல முடிந்தவர் இந்தப் படியில் இருக்கிறார் என்று கொள்ளலாம்.

இந்த மட்டத்தை அளக்கும் பரீட்சைகளில் ஒன்று கேம்பிரிட்ஜின் பி1 பிரிலிமினரி. உம்மாவும் சாச்சியும் எழுதியது அதைத்தான். அதில் நான்கு பகுதிகள் உண்டு. வாசிப்புக்கு 45 நிமிடத்தில் 32 வினாக்கள். எழுத்துக்கு 45 நிமிடத்தில் இரண்டு ஆக்கங்கள். கேட்டலுக்கு ஏறத்தாழ 30 நிமிடத்தில் 25 வினாக்கள். பேச்சு, இருவர் சேர்ந்து சுமார் 12 நிமிடம். நான்குக்கும் சம மதிப்பு. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று தனிப் பதிப்பும் உண்டு. மட்டமும் அமைப்பும் ஒன்றுதான், தலைப்புகள்தான் பிள்ளைகளுக்கு ஏற்றவை. எனவே வளர்ந்தவர்கள் பதியும்போது பொதுப் பதிப்பையே தெரிவுசெய்ய வேண்டும்.

எவ்வளவு காலம் தேவை? ஆரம்பத்திலிருந்து ஏ2 வரை 180 முதல் 200 மணித்தியாலங்களும், பி1 வரை மொத்தம் 350 முதல் 400 மணித்தியாலங்களும் வழிகாட்டலுடன் கற்க வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தரும் பொதுக் கணக்கு. மாதிரி வினாத்தாளில் பார்த்தபோது உம்மா ஏறத்தாழ ஏ2 இல் நின்றார். மிச்சம் 200 மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டோம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் ஏழு மாதம். "மூன்று மாதத்தில் ஆங்கிலம்" என்ற விளம்பரங்களை நம்பி உம்மாமாரைச் சேர்க்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

நான் விட்ட பெரிய பிழை

முதல் வாரம் நான் மிகக் கடமை உணர்ச்சியோடு படிப்பித்தேன். "ஐ கோ மார்க்கெட் யெஸ்டர்டே" என்றார் உம்மா. "கோ இல்ல, வென்ட். டு வேணும். த வேணும்" என்றேன். நான்கு சொல் வசனத்துக்கு மூன்று திருத்தங்கள். இப்படியே ஒவ்வொரு வசனமும் நடந்தது.

ஐந்தாம் நாள் உம்மா கொப்பியை மூடினார். "மகள், எனக்கு இது ஏலாது. நீங்க உங்கட பாடத்தப் படிங்க" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். மூன்று நாள் அந்தக் கொப்பி குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது.

காரணத்தைச் சாச்சிதான் சொன்னார். உம்மா ஒன்பதாம் ஆண்டில் ஆங்கிலப் பாடம் வாசிக்கும்போது ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தாராம். வகுப்பே சிரித்தது. ஆசிரியை அதே வரியை மூன்று முறை வாசிக்க வைத்தார். மூன்று முறையும் சிரிப்பு. அதன்பின் உம்மா ஆங்கிலத்தில் வாய் திறந்ததே இல்லை. உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் பயத்தினால் பூட்டப்பட்டுக் கிடந்தது. அந்த ஆசிரியை செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது.

அதன்பிறகு புள்ளி எப்படி வழங்கப்படுகிறது என்று தேடி வாசித்தேன். எழுத்துப் பகுதியில் ஒவ்வொரு ஆக்கமும் நான்கு அளவுகளால் மதிப்பிடப்படுகிறது. கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கிறதா, வாசிப்பவருக்கு ஏற்ற விதத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா, ஒழுங்காகக் கோக்கப்பட்டிருக்கிறதா, மொழி எப்படி இருக்கிறது என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. மொழிக்கான அளவிலும், பிழைகள் கண்ணில் பட்டாலும் கருத்து விளங்கினால் நடுத்தரப் புள்ளி உண்டு. உம்மாவிடம் இதைக் காட்டினேன்.

"அப்ப பிழை விட்டாலும் புள்ளி தருவாங்களா?"

"சொல்ல வந்தது விளங்கினா தருவாங்க உம்மா."

உம்மா கொப்பியை மீண்டும் எடுத்தார். நானும் எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசுவதில்லை. கேட்ட பிழைகளைக் குறித்துவைத்து, கடைசியில் இரண்டை மட்டும் சொல்வது. வளர்ந்தோருக்குக் கற்பிப்பவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான் என்பது என் அனுபவம்.

நான்கு பகுதிகளுக்கும் நாங்கள் பழகிய விதம்

வாசிப்பு: முதல் வினாக்கள் அறிவித்தல்களையும் சிறு செய்திகளையும் பற்றியவை. அதற்கு மருந்துப் பெட்டியும், பால்மா பக்கெட்டும், வட்ஸ்அப் செய்திகளுமே எங்கள் பாடநூல். தமிழ் பேசுவோருக்குக் கஷ்டமானது கடைசிப் பகுதிதான். அதில் ஆறு வெற்றிடங்களை, தெரிவுகள் எதுவும் தராமல், ஒவ்வொரு சொல்லால் நிரப்பச் சொல்வார்கள். பெரும்பாலும் அவை சின்னச் சொற்கள். நாம் 'வீட்டுக்கு', 'மேசையில்' என்று சொல்லின் பின்னால் உருபைச் சேர்க்கிறோம். ஆங்கிலம் அதையே தனிச் சொல்லாக முன்னால் வைக்கிறது. 'த' என்ற சொல்லுக்கு நேரான சொல் தமிழில் இல்லவே இல்லை. எனவே உம்மா ஏற்கெனவே வாசித்து விளங்கிய ஒரு பந்தியை எடுத்து, சின்னச் சொற்களை மட்டும் அழித்துவிட்டு, அடுத்த நாள் நிரப்பக் கொடுப்பேன். கருத்து முன்பே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் அந்தச் சொற்களில் இருக்கும்.

எழுத்து: இரண்டு ஆக்கங்களும் ஏறத்தாழ 100 சொற்களில் அமைய வேண்டும். முதலாவது ஒரு மின்னஞ்சலுக்குப் பதில். அந்த மின்னஞ்சலின் ஓரத்தில் நான்கு குறிப்புகள் இருக்கும். ஒன்றை விட்டாலும் புள்ளி குறையும். உம்மாவின் முதல் பதிலில் 34 சொற்கள்தான் இருந்தன. பிறகு ஒரு கணக்குப் போட்டோம். நான்கு குறிப்புக்கும் இரண்டிரண்டு வசனம், வசனத்துக்குப் பன்னிரண்டு சொல் என்றால் 96. முதலில் நான்கு குறிப்புகளையும் வட்டமிடுவது, ஒன்றை எழுதி முடித்ததும் அதை வெட்டுவது என்று பழகினார். இரண்டாவதில் கட்டுரை அல்லது கதை, விரும்பியதை எழுதலாம். தினமும் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவருக்கு எது இலகு என்று சொல்லத் தேவையில்லை.

கேட்டல்: ஒவ்வொரு ஒலிப்பதிவையும் இரண்டு தரம் போடுவார்கள். மூன்று படங்களில் சரியானதைத் தெரியும் வினாக்களில், மூன்றைப் பற்றியுமே பேச்சில் ஏதாவது வரும். உம்மா முதலில் காதில் விழுந்ததையே தெரிவு செய்வார். "வாங்கப் போனது சப்பாத்து, ஆனால் வாங்கியது கைப்பை" என்பது போன்ற பேச்சில் 'ஆனால்' என்பதற்குப் பின்னால்தான் விடை இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'பட்'. 'பட்' கேட்டால் மேசையில் தட்ட வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தோம். தம்பியும் வந்து சேர்ந்துகொண்டான்.

பேச்சு: இருவர் ஒன்றாகப் போக, பரீட்சகர்களும் இருவர் இருப்பார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் கேட்டுப் புள்ளியிடுவார். ஒரு படத்தைப் பார்த்து ஒரு நிமிடம் விவரிக்க வேண்டும். குசினிப் படம் ஒன்றில் அகப்பைக்கு ஆங்கிலம் தெரியாமல் உம்மா நின்றுவிட்டார். "அது எதுக்குப் பாவிக்கிறது என்று சொல்லுங்க" என்றேன். "கறிக்குப் பாவிக்கிற பெரிய கரண்டி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது போதும். தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் சுற்றிச் சொல்வதும் ஒரு திறமைதான். இன்னொரு பகுதியில் இருவரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். உம்மா எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். கலியாண வீட்டுக்கு என்ன அன்பளிப்புக் கொண்டுபோவது என்று உம்மாவையும் சாச்சியையும் ஆங்கிலத்தில் வாதாட விட்டேன். அன்றிலிருந்து மறுத்துப் பேசவும் பழகினார்.

ஓதிய நாக்கு

உச்சரிப்பில் எங்களுக்கு எதிர்பாராத உதவி ஒன்று கிடைத்தது. 'தின்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி தமிழில் இல்லை. நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்துக் காற்றை விட வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். "இது அரபில உள்ள நாலாவது எழுத்துத்தானே?" என்றார் உம்மா. ஆம், அதே ஒலிதான். 'திஸ்' என்பதன் முதல் ஒலி அரபின் ஒன்பதாவது எழுத்து. பேனைக்கும் மின்விசிறிக்கும் வரும் 'பென்', 'ஃபேன்' என்ற சொற்களின் முதல் ஒலி வேறுபாடும் ஓதியவர்களுக்குப் புதிதல்ல. சிறுவயதில் ஓதப் பள்ளியில் ஒவ்வொரு எழுத்தும் வாயின் எந்த இடத்தில் பிறக்கிறது என்று திரும்பத் திரும்பப் பழகிய நாக்கு அது. ஒன்பதாம் ஆண்டு வகுப்பறையில் இதை யாராவது உம்மாவுக்குச் சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். வளர்ந்தோர் வெறுங்கையோடு கற்க வருவதில்லை. அவர்களிடம் இருப்பதைத் தேடி எடுப்பது கற்பிப்பவரின் வேலை.

பெறுபேறு

கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் இருவரும் பரீட்சை எழுதினார்கள். இந்தப் பரீட்சையில் 140 எடுத்தால் சித்தி. 160 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பி2 மட்டம் என்று குறிப்பிடுவார்கள். 120 முதல் 139 வரை எடுத்தவருக்கு ஏ2 மட்டச் சான்றிதழ் கிடைக்கும்.

சாச்சி 146. உம்மா 138.

இரண்டு புள்ளி. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மாதான் பெறுபேற்றுத் தாளை மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நான்கு பகுதிகளின் புள்ளியும் தனித்தனியே இருந்தது. வாசிப்பு 135, எழுத்து 131, கேட்டல் 134, பேச்சு 152.

"மகள், பேச்சுலதான் கூட" என்றார். இருபத்தேழு வருடம் வாய் திறக்காதவரின் குரல் அது. பிறகு, "எழுத்துலதான் பிழைச்சிருக்கு. அதக் கொஞ்சம் பார்ப்பம்" என்றார். பெறுபேற்றை வாசிக்க வேண்டிய முறையும் அதுதான். மொத்தத்தைப் பார்த்து மனம் உடையாமல், எந்தப் பகுதியில் அடுத்த மாதங்களைச் செலவிடுவது என்று அது காட்டும் வழியைப் பார்க்க வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒருவர் கற்க விரும்பினால் நாளுக்கு ஒரு மணித்தியாலம் கொடுங்கள். அவர் பேசும்போது பொறுத்திருங்கள். பெற்றோரே, பிள்ளைகளுக்கு முன்னால் பிழை விடுவது வெட்கம் என்று எண்ண வேண்டாம். நீங்கள் பிழை விட்டுக் கற்பதைப் பார்க்கும் பிள்ளை, தானும் பிழைக்குப் பயப்படாமல் கற்கும்.

சென்ற வாரம் இரண்டாம் தடவைக்கான விண்ணப்பம் வந்தது. நான் வழமைபோல் பேனையை எடுத்தேன். "தாங்க, நானே நிரப்புறன்" என்று உம்மா வாங்கிக்கொண்டார். பிறந்த திகதியில் மாதம் எழுத வேண்டிய பெட்டியில் நாளை எழுதிவிட்டார். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே கண்டு, வெட்டித் திருத்தி எழுதினார்.