பேண்டம் பவர் பழுதா? பொருளை மாற்ற முன் அளந்து பாருங்கள்

திருமண மண்டபங்கள், பாடசாலைகள், பள்ளிவாசல்கள், வீட்டிலிருந்தே காணொளி தயாரிக்கும் இளைஞர்கள் எனப் பல தரப்பினரும் இன்று குறைந்த விலை ஓடியோ மிக்சர்களை வாங்குகிறார்கள். ஒலி உபகரணங்களை விற்றும் வாடகைக்கு விட்டும் தொழில் செய்பவன் என்ற வகையில் இந்தச் சந்தை எனக்கு நல்ல பரிச்சயம். விற்பனை கூடக் கூட, திரும்பி வரும் பெட்டிகளும் கூடுகின்றன. "நானா, இதில பேண்டம் வேல செய்யுதில்ல, மாத்தித் தாங்க" என்பதே நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு.

மாற்றிக் கொடுத்தால் நட்டம் கடைக்காரருக்கு. மறுத்தால் வாடிக்கையாளர் கைநழுவிப் போவார். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அந்த ஒரு மாதத்துக்குள் 300 ரூபாவை நெருங்கியது. அதன் பின்னர் ஒரு பெட்டியை வீணாக ஒதுக்கி வைப்பது சிறு வியாபாரிக்குத் தாங்கக்கூடிய செலவல்ல. ஆனால் திரும்பி வரும் மிக்சர்களில் பல உண்மையில் பழுதானவை அல்ல. பழுது மிக்சரிலா, மைக்கிலா, வயரிலா என்பதைச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டு பத்து நிமிடத்தில் பிரித்தறியலாம்.

பேண்டம் பவர் என்பது என்ன?

மேடைகளில் கையில் பிடித்துப் பேசும் சாதாரண மைக் டைனமிக் வகையைச் சேர்ந்தது. காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. கண்டென்சர் மைக் அப்படியல்ல. அதனுள் இருக்கும் சிறிய மின்சுற்று இயங்க மின்சாரம் வேண்டும். ஒலி வரும் அதே வயரிலேயே மிக்சர் அந்த மின்சாரத்தை அனுப்புகிறது. தனி வயர் கண்ணுக்குத் தெரியாததால்தான் 'பேண்டம்' என்ற பெயர்.

48 வோல்ட் என்ற அளவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1966இல் ஜேர்மனியின் நொய்மன் நிறுவனம் நோர்வே ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு டிரான்சிஸ்டர் மைக் தயாரித்துக் கொடுத்தது. அங்குள்ள கலையகங்களில் அவசரகால விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் பயன்படுத்தினார்கள். பின்னர் அதுவே சர்வதேச நியமமாயிற்று. அந்த நியமப்படி 44 முதல் 52 வோல்ட் வரை சரியான அளவாகும்.

முதலில் வயரைப் பாருங்கள்

பேண்டம் மின்சாரம் மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். சொக்கட்டில் மாத்திரமே வரும். ஒரு பக்கம் எக்ஸ்.எல்.ஆர்., மறுபக்கம் ஜெக் உள்ள வயரை மிக்சரின் லைன் துவாரத்தில் செருகினால் கண்டென்சர் மைக் வேலை செய்யாது. மலிவான மைக்குகளோடு பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் கணினிக்கான ஜெக் வயர்தான். அதை மிக்சரில் செருகிவிட்டு மிக்சர் பழுது என்று வருபவர்கள் பலர். இரு பக்கமும் எக்ஸ்.எல்.ஆர். உள்ள வயரைக் கொடுத்ததும் அந்த முறைப்பாடு தீர்ந்துவிடும்.

அடுத்த பிரச்சினை வெளியில் தெரியாதது. மாத்தளையிலிருந்து ஒலிபெருக்கி வாடகைத் தொழில் செய்யும் ஒரு சகோதரர் தனது மிக்சரைக் கொண்டு வந்தார். இரண்டு நாளில் அவருக்கு ஒரு கருத்தரங்கு இருந்தது. வேறொரு கடையில் புதிய மிக்சர் வாங்கும்படி சொல்லியிருந்தார்கள். "வயர்ல பிழையில்ல நானா. இதே வயர்ல சாதாரண மைக் நல்லா வேல செய்யுதே" என்றார். மீட்டரை வைத்தேன். மிக்சரில் 48 வோல்ட் சரியாக இருந்தது. வயரின் மறுமுனையில் ஒன்றுமில்லை. திறந்து பார்த்தால் 1ஆம் முனைக்கு வரும் வலைக்கம்பி அறுந்திருந்தது.

ஒலி 2ஆம், 3ஆம் முனைகளில் போவதால், 1ஆம் முனை அறுந்தாலும் டைனமிக் மைக் பேசும். பேண்டம் மின்சாரமோ 1ஆம் முனை வழியாகத்தான் மிக்சருக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அறுந்தால் கண்டென்சர் மைக் ஊமையாகிவிடும். ஆகவே சாதாரண மைக் வேலை செய்வதை வயர் நல்லது என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளக்கூடாது. ஐந்து நிமிட ஈயப்பற்று வேலையோடு அவர் புதிய மிக்சரின் விலையை மிச்சப்படுத்திக் கொண்டு போனார்.

அளக்கும் முறை

ஒலியின் அளவை முழுவதும் குறைத்துவிட்டு 48 வோல்ட் பட்டனை அழுத்துங்கள். அரை நிமிடம் பொறுங்கள். சிவப்பு விளக்கு எரிவதை நம்பி இருந்துவிடாதீர்கள். பல மலிவான மிக்சர்களில் அந்த விளக்கு பட்டன் அழுத்தப்பட்டதைத்தான் காட்டும், மின்சாரம் முனைக்கு வந்ததை அல்ல.

மீட்டரை டீ.சி. 200 வோல்டில் வையுங்கள். வயர் எதையும் செருகாமல், சொக்கட்டின் 1ஆம் முனையில் கறுப்புக் கம்பியையும் 2ஆம் முனையில் சிவப்புக் கம்பியையும் தொடுங்கள். பின்னர் சிவப்பை 3ஆம் முனைக்கு மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வர வேண்டும். 2க்கும் 3க்கும் இடையில் அளந்தால் ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும்.

ஒரு முனையில் மட்டும் குறைவாக இருந்தால் அந்த முனையின் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் அல்லது ஈயப்பற்றில் கோளாறு. ஒரு செனலில் மட்டும் இல்லையென்றால் அந்தச் சொக்கட்டின் பற்று விட்டிருக்கலாம். எல்லாச் செனலிலும் இல்லையென்றால் மின்வழங்கும் பகுதியில் பழுது. முதலிரண்டும் பெரும்பாலும் சிறு திருத்த வேலைகள். மூன்றாவதற்கு மாத்திரமே செலவைக் கணக்கிட்டு முடிவெடுக்க வேண்டும்.

மைக்கை இணைத்தபடி அளந்தால் எண் குறையும். அது பழுதல்ல. ஒவ்வொரு முனைக்கும் முன்னால் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் உண்டு. 3 மில்லி அம்பியர் எடுக்கும் மைக்கில் ஏறத்தாழ 10 வோல்ட் விழுந்து 38 வோல்ட் காட்டும். இதைப் பார்த்துவிட்டுப் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

பெட்டியில் எழுதியதும் உள்ளே இருப்பதும்

சில மலிவான மிக்சர்கள் 48 வோல்ட் என்று எழுதப்பட்டிருந்தாலும் அதைவிட மிகக் குறைவாகவே கொடுக்கின்றன. வேறு சில, மைக் இல்லாதபோது 48 காட்டிவிட்டு மைக்கை இணைத்ததும் சுருண்டுவிடும். இதைக் கண்டுபிடிக்க மீட்டரை மில்லி அம்பியரில் வைத்து, 1க்கும் 2க்கும் இடையில் ஓரிரு விநாடி தொடுங்கள். நியமப்படியான மிக்சரில் 7 மில்லி அம்பியர் அளவில் வரும். மிகக் குறைவாக வந்தால் அதன் வலு போதாது. முடிந்ததும் மீட்டரின் கம்பியை மறவாமல் வோல்ட் துவாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

யூ.எஸ்.பீ. மூலம் இயங்கும் சிறிய மிக்சர்கள் 5 வோல்டை 48 ஆக உயர்த்திக் கொடுக்கின்றன. தரமில்லாத போன் சார்ஜரில் செருகினால் அவை திணறும். முதலில் நல்ல சார்ஜர் ஒன்றில் செருகிப் பாருங்கள்.

அடப்டர் தொலைந்தால் அளவு பொருந்தும் ஏதோ ஒன்றைச் செருகுவது நம்மிடையே வழக்கம். சில மிக்சர்களுக்கு ஏ.சி. வெளியீடு கொண்ட அடப்டர் தேவை. அவற்றின் பேண்டம் மின்சாரம் அந்த ஏ.சி.யை டயோட், கெப்பாசிட்டர் கொண்டு பெருக்கித்தான் கிடைக்கிறது. டீ.சி. அடப்டரில் அது உருவாகாது. அடப்டரிலும் மிக்சரின் பின்புறத்திலும் உள்ள எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருந்து பேண்டம் மட்டும் இல்லாத மிக்சரை வீச வேண்டியதில்லை. மைக்குக்கும் மிக்சருக்கும் இடையில் இணைக்கும் தனிப் பேண்டம் பெட்டிகள் சந்தையில் உண்டு. ஓரிரு மைக் மாத்திரம் பாவிப்பவருக்கு அது போதும். நேரடியாக 230 வோல்டில் இயங்கும் மிக்சரின் உள்ளே கைவைப்பதைத் திருத்துநரிடமே விட்டுவிடுங்கள். மூடியைக் கழற்ற முன் மேலே சொன்ன பரிசோதனைகளை மட்டும் கடையிலேயே செய்து முடியுங்கள்.

விற்பவரின் பொறுப்பு

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையைத் தடைசெய்கிறது. 15 வோல்ட் கொடுக்கும் பொருளை 48 என்று சொல்லி விற்றுவிட்டு, பெட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது என்பது வாடிக்கையாளரிடம் எடுபடாது. குறைந்த வோல்டில் இயங்கும் மைக்குகளும் உண்டு. உண்மையான அளவைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் மைக்கோடு கொடுத்தால் அதே மிக்சரை நேர்மையாக விற்கலாம்.

மொத்தமாக எடுக்கும்போது ஒவ்வொரு தொகுதியிலும் ஓரிரண்டைத் திறந்து அளந்து பாருங்கள். விற்கும்போது வாடிக்கையாளர் முன்னிலையில் ஒவ்வொரு செனலையும் அளந்து, அந்த எண்களைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள். எனது கடையில் இதைச் செய்து வருகிறேன். பொருள் திரும்பி வந்தால் அந்தச் சீட்டை வைத்து மறுபடி அளக்கிறோம். எண் மாறியிருந்தால் மறுபேச்சில்லாமல் பொறுப்பேற்கிறேன். மாறவில்லையென்றால் இருவரும் சேர்ந்து வயரைத் தேடுகிறோம்.